மாப்பிள்ளையைப் பங்கு பிரித்தார்கள்

டொப் என்று ஒரு சத்தம். பிறகு டக், டக், டக் என்று ஏதோ படியிறங்கிப் போவது போல. பிறகு அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வருத்தமாகச் சொல்லும்: "இதும் ஆகாது."

கல்லூரி விடுமுறைக்கு ஈச்சம்பாளையம் வந்திருந்த எனக்கு அந்த வைகாசி மாதக் காலைகள் இந்தச் சத்தத்தில்தான் விடிந்தன. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஹெல்மெட் கல்வாசலில் விழுகிற சத்தம் அது. அதற்குப் பிறகு என் காலத்தில் எத்தனையோ விழக் கேட்டிருக்கிறேன். எதுவும் அவ்வளவு சுத்தமான சுருதியில் விழுந்ததில்லை.

எதிர்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். யார் எது சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். அது ஒன்றுதான் கோளாறு. ஒருமுறை கிணற்று மோட்டாரைச் சரிபார்க்க வந்தவர், "நான் வர்ற வரைக்கும் இந்த ஒயரை யாரும் தொடாம பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனார். போனவர் வேறு வேலை கிடைத்து வெளியூருக்கே குடிபோய்விட்டார். இவர்கள் முறைவைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் குடைபிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளை நாச்சிமுத்து. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தகப்பன் இல்லாத அவருக்காக மூன்று பேர் கூடி முடிவெடுப்பார்கள். பெரியப்பா அங்கப்பன், தாய்மாமன் காளியண்ணன், அக்காள் புருஷன் தேவணன். மூவரும் சேர்ந்து போய்ப் பார்த்த பெண்களெல்லாம் வேறு வீடுகளில் நன்றாக இருக்கிறார்கள்.

கடைசியாகப் பார்த்த பெண் செல்வநாயகி. அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் நால்வரும் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். காபியில் ஆடை படிந்தது. செல்வநாயகி கதவோரத்திலிருந்து நாச்சிமுத்துவை மட்டும் பார்த்து மெதுவாக, "குடிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் தீர்மானமாகிவிட்டது. இவளைக் கட்டாவிட்டால் இனி யாரையும் கட்டுவதில்லை என்று அக்காளிடம் அழாத குறையாகச் சொன்னார்.

பெண்ணின் அம்மா பாவாயம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்கூர் வழக்கம், மாப்பிள்ளை குதிரை மேலதான் வரணும். அதை மாத்த நான் யாருங்க? ஆனா உடம்புல ஒரு கீறல் இருக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர் எங்க கல்யாணத்தன்னைக்குக் குதிரையிலிருந்து விழுந்து வலது கையை முறிச்சுக்கிட்டாரு. யாரோ பக்கத்துல நின்னவங்கதான் முடிச்சுப் போட்டாங்க. எனக்கு யார் தாலி கட்டுனதுன்னு இன்னிக்கு வரைக்கும் சரியாத் தெரியாதுங்க. எம் பொண்ணுக்கு அந்தக் கதி வேண்டாம். கீறல் இருந்துச்சுன்னா வாசல்லயே திரும்பிக்கிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் இன்னும் நேராகாத அந்தக் கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

குதிரைக்குக் கவலையில்லை. பக்கத்து ஊரில் லூர்துசாமி இருந்தார். குதிரைப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற அதே மாதம் அவருடைய குதிரையையும் ஏலம் விட்டார்கள். அவரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குதிரையின் பெயர் துரை. பெரும்பாலும் நின்றபடி தூங்கும்.

நால்வரும் போய்க் கைகட்டி நின்றார்கள். லூர்துசாமிக்கு நீண்ட நாள் கழித்துக் கட்டளையிட ஆள் கிடைத்த சந்தோஷம். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. குதிரையேறப் போறவனுக்கு உடுப்புதான் முதல் காவல். தலைக்கு ஹெல்மெட். ஆட்டிப் பார்த்தா ஆடக் கூடாது. ஒரு தடவை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை நம்பவே கூடாது, தூக்கி எறிஞ்சிடணும். உடம்புக்கு மெத்து வெச்ச கோட்டு. எங்கயும் தொங்கக் கூடாது, பறக்கக் கூடாது, உடம்போட ஒட்டி இருக்கணும். வேட்டி, துண்டு, சங்கிலி எதுவும் ஆகாது. காலுக்குக் குதிகால் வெச்ச பூட்ஸ். இந்தா, கால் வைக்கிற இந்த இரும்பு வளையம், இதுக்குப் பேரு அங்கவடி. இதுக்குள்ள பூட்ஸ் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடக் கூடாது. போனா, விழுறப்ப குதிரை இழுத்துக்கிட்டே போயிடும். சேணத்தைக் குதிரை வயித்தோட இறுக்குற இந்த வயித்துவாரைக் கட்டினா ரெண்டு விரல் உள்ளே போகணும். அப்புறம், போற குதிரைக்குக் குறுக்கே யாரும் நிக்கக் கூடாது. விளங்குச்சா?"

"விளங்குச்சுங்க" என்றார்கள் நால்வரும். அதுதான் பயமாக இருந்தது என்று லூர்துசாமி பிற்பாடு சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் எதையும் பங்கு பிரித்துத்தான் செய்வார்கள். தோட்டத்தை அப்படித்தான் பிரித்திருந்தார்கள், கிணற்றுத் தண்ணீரையும், வேப்பமரத்து நிழலையும்கூட. நாச்சிமுத்துவைக் களத்துமேட்டில் டிராயரோடு நிறுத்திவைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள்.

"கழுத்துக்கு மேல எனக்கு" என்றார் பெரியப்பா. "கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மச்சானுக்கு. முழங்காலுக்குக் கீழ தேவணன் மாப்ளைக்கு."

"கழுத்து யாருதுங்க மச்சான்?" என்று காளியண்ணன் கேட்டார்.

"கழுத்து வரப்புங்க. ரெண்டு பேருக்கும் பொது. ரெண்டு பேரும் அதை வெட்டக் கூடாது."

நாச்சிமுத்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கை?"

"கை உம்மோட பங்குல முளைச்சது. உம்முதுதான்."

தேவணன் இளையவர், கொஞ்சம் கூர்மையானவர் என்று பெயர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவுல இவ்வளவு இடம் கிடக்குதே. இது யாருக்கு?" என்றார்.

பெரியப்பா நாச்சிமுத்துவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"அது புறம்போக்கு" என்றார். "யார் பேர்லயும் பட்டா இல்லை. நாம கைவைக்கக் கூடாது."

"கவர்மெண்டு எடமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"நீ சும்மா இரு தம்பி. உன்னைப் பத்தித்தான் பேசுறோம். உங்கிட்டப் பேசலை."

பெரியப்பா ஈரோட்டுக்குப் போய் நல்ல ஹெல்மெட்டாக ஒன்று வாங்கி வந்தார். விழுந்தால் தாங்குமா என்று தெரிய வேண்டாமா? மாடியிலிருந்து போட்டுப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அப்போதுதான் தேவணனுக்கு ஞாபகம் வந்தது.

"மாமா, விழுந்த ஹெல்மெட்டை நம்பக் கூடாதுன்னாருங்களே."

"அட, ஆமா."

அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கினார். அது தாங்குமா என்று தெரிய வேண்டாமா? இப்படியே போயிற்று. கடைக்காரர் பெரியப்பாவின் தலையைத் தெருமுனையில் கண்டதும் டீ சொல்ல ஆரம்பித்தார். "உங்க வீட்ல எத்தனை பேருங்க வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டாராம். "வண்டியே இல்லைங்க" என்று பெரியப்பா உண்மையைச் சொன்னார்.

ஒருநாள் காளியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "போட்டுப் பார்க்காத ஹெல்மெட்டு தாங்குமான்னு தெரியாது. போட்டுப் பார்த்த ஹெல்மெட்டு ஆகாது. அப்ப நல்ல ஹெல்மெட்டுன்னு உலகத்துல ஒண்ணு இருக்கவே முடியாதுங்களா மச்சான்?"

இந்தக் கேள்வியை நான் படித்த தத்துவப் பாடத்தில்கூட யாரும் இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். பெரியப்பா மாடியிலிருந்து போட்டார், கீழே நின்று காளியண்ணன் வேட்டியை விரித்துப் பிடித்தார். ஹெல்மெட் விழுந்தது, ஆனால் அடிபடவில்லை. சோதனையும் ஆயிற்று, நம்பிக்கையும் கெடவில்லை. அன்று வீட்டில் பாயசம்.

ஆனால் அது நாச்சிமுத்துவின் தலைக்குக் கொஞ்சம் பெரிது. ஆட்டினால் ஆடியது.

"ஹெல்மெட்டு மேல தப்பு இல்லை" என்றார் பெரியப்பா. "தலை ஆடுறதாலதான் அது ஆடுது. கண்ணு, இனிமே நீ தலையை ஆட்டக் கூடாது."

அன்றிலிருந்து நாச்சிமுத்து எதற்கும் இல்லை என்று தலையாட்ட முடியாமல் போயிற்று. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பிறந்ததிலிருந்தே இல்லை என்று வாயால் சொல்லிப் பழகவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் அவருடைய எருமை, சைக்கிள், வாட்ச் மூன்றையும் ஊர்க்காரர்கள் இரவல் வாங்கிப் போய்விட்டார்கள்.

காளியண்ணன் தம் பங்குக்கு மெத்தைக்காரரைக் கூட்டிவந்தார். இலவம்பஞ்சு அடைத்து, உறை தைத்து, கோட்டு மாதிரி ஒன்று தயாரானது. பொத்தான் வைத்தால் நடுவில் இடைவெளி வரும், கயிறு வைத்தால் தொங்கும். அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே நாச்சிமுத்துவை உள்ளே நிறுத்தி, மேலே மூட்டிவிட்டார்கள். மெத்தை தைக்கிற கோணி ஊசியால், நெருக்கத் தையல். நாச்சிமுத்துவால் குனிய முடியவில்லை, தரையில் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்த்துவைத்துத் தூங்கவைத்தார்கள். சாப்பாட்டை அக்காள் ஊட்டிவிட்டாள்.

"பயமா இருக்குதா தம்பி?" என்று கேட்டாள்.

"பயம் இல்லக்கா. இதை எப்படியாச்சும் முடிச்சுட்டா அவளைப் பார்த்துடலாமில்ல" என்றார் பஞ்சுக்குள்ளிருந்து.

பூட்ஸ் தேவணனுடைய பொறுப்பு. அங்கவடிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்றுதானே சொன்னார்? தேவணன் அங்கவடியை அளவெடுத்துப் போய், அதைவிட நான்கு விரற்கடை பெரிதாகச் செய்து வாங்கி வந்தார். இந்தப் பக்கமே நுழையவில்லை. பிறகு எப்படி அந்தப் பக்கம் போகும்? காவல் என்றால் இதுதான் காவல் என்று பெரியப்பாவே பாராட்டினார்.

கல்யாண நாள் காலை. முகூர்த்தம் வெயில் ஏறுவதற்குள். லூர்துசாமி குதிரையோடு வந்து நின்றார். மாப்பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் ஹெல்மெட். கழுத்தில் ஒன்றுமில்லை. கழுத்துக்குக் கீழே மெத்தை. காலில் படகு போல இரண்டு பூட்ஸ். இரண்டுக்கும் நடுவில் நாச்சிமுத்துவின் பட்டாப்பட்டி டிராயர்.

லூர்துசாமி டிராயரை நோக்கி விரலை நீட்டினார். "பேண்ட் எங்கே?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எம் பங்கு இல்லைங்க" என்றார் காளியண்ணன். "சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் வந்திருந்தா சொல்லுங்க."

"முழங்காலுக்கு மேல எனக்கு உரிமையே இல்லைங்க" என்றார் தேவணன்.

"புறம்போக்குன்னு நான்தான் சொன்னேன், ஒத்துக்கறேன்" என்றார் பெரியப்பா. "ஆனா புறம்போக்கைக் கவனிக்க வேண்டியது யாரு?"

எல்லோரும் திரும்பிக் கூட்டத்தில் நின்றிருந்த கிராம அதிகாரியைப் பார்த்தார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு இதுல அதிகாரம் கிடையாதுங்க" என்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

"ஒரு வேட்டியையாவது கட்டித் தொலைங்கய்யா!" என்று கத்தினார் லூர்துசாமி.

"வேட்டி ஆகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார் பெரியப்பா மரியாதையாக.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நாச்சிமுத்து ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பெரியப்பா, முகூர்த்தம் தப்பிடுமுங்க" என்றார். அதைக் கேட்டுக் காளியண்ணனுக்குத்தான் யோசனை வந்தது. குதிரைமேல் உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் சேணத்துக்குச் சேர்ந்ததாகிவிடும். மேலே ஒரு ஜமுக்காளத்தைப் போர்த்தினால் கண்ணுக்குத் தெரியாது. இறங்காதவரை மானத்துக்குக் குறைவில்லை.

புளியமரக் கிளையில் வடத்தைப் போட்டு, மாப்பிள்ளையைத் தூக்கி, துரையின் மேல் நிதானமாக இறக்கினார்கள். துரை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. லூர்துசாமி வயிற்றுவாரை இழுத்துக் கட்டினார்.

"ரெண்டு விரல் உள்ளே போகணும்னீங்களே" என்றார் பெரியப்பா. "யார் விரல்?"

"யாரோடதா இருந்தா என்ன!" என்றார் லூர்துசாமி.

தேவணன்தான் இளையவர். இரண்டு விரலை வாருக்குள் விட்டார். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விட்ட கையோடு குதிரைக்குப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தார்.

ஊர்வலம் போயிற்று. பெண்வீட்டு வாசலில் பாவாயம்மாள் ஆரத்தியோடு நின்றிருந்தார். மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார். வரப்பாகக் கிடந்த கழுத்தையும் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லை" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இறங்குங்க மாப்பிள்ளை."

நாச்சிமுத்து இறங்கவில்லை.

"கூச்சமா இருக்கும்போல. இறங்குங்க, அருமைக்காரர் காத்திருக்காரு" என்றார் மாமனார். அருமைக்காரர் என்பவர் அந்தப் பக்கத்தில் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவர். அவரும் மணவறையிலிருந்து எழுந்து வந்து கூப்பிட்டார். நாச்சிமுத்து ஜமுக்காளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையாம் என்று ஒரு கிழவர் சொன்னார். சீர் பத்தவில்லையாம் என்று இன்னொருவர் சொன்னார். பாவாயம்மாளின் முகம் கறுத்தது.

"ஏனுங்க, எங்க பொண்ணுக்கு என்ன குறை? வேண்டாம்னா நேரா சொல்லிட்டுப் போங்க."

நாச்சிமுத்துவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து ஹெல்மெட்டின் பட்டையில் சொட்டியது. சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல்லை அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல முடியாமல் அவர் குதிரைமேல் ஒரு மெத்தையாக உட்கார்ந்திருந்தார்.

அப்போது செல்வநாயகி வெளியே வந்தாள். கூரைப்புடவை, மாலை, பாதி வைத்த மருதாணி. குதிரையைச் சுற்றி வந்தாள். அந்தப் பக்கம் காற்றில் ஜமுக்காளம் ஒரு முனையில் தூக்கியிருந்தது. பார்த்தாள். முனையை இழுத்துச் செருகினாள்.

"அவரு அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அருமைக்காரரிடம். "குதிரை மேல தாலி கட்டக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

அருமைக்காரர் யோசித்தார். "இருக்கறதாத் தெரியலை அம்மணி."

"அவரால குனிய முடியாதே, தெரியுதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஓரமாகக் கிடந்த உரலை உருட்டச் சொன்னாள். அதன்மேல் ஏறி, சும்மா கிடந்த அங்கவடியில் வெறுங்காலை வைத்து, ஒரே எழும்பலில் நாச்சிமுத்துவுக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பெரியப்பா பதறிப்போய், "ஹெல்மெட்டு இல்லாம..." என்று ஆரம்பித்தார்.

"இருக்குதே. இவரு போட்டிருக்காரில்ல" என்றாள். பெரியப்பாவுக்கு அது சரியாகத்தான் பட்டது.

தாலியை நாச்சிமுத்து கையில் கொடுத்தார்கள். பாவாயம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "யாரும் கைகொடுக்கக் கூடாது. எல்லாரும் நல்லாப் பார்த்துக்கங்க, யார் கட்டறாருன்னு!" மூன்று முடிச்சையும் நாச்சிமுத்துவே போட்டார்.

கெட்டி மேளம் முழங்கியது.

துரை கண்ணைத் திறந்தது. இருபது வருஷம் அணிவகுப்பில் நின்ற குதிரை. தவில் இடித்தது அதன் காதில் என்னவாக விழுந்ததோ, கழுத்தை வளைத்தது, காதை நிமிர்த்தியது, ஒவ்வொரு காலாக உயரத் தூக்கிவைத்து நடக்க ஆரம்பித்தது. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பட்டணம் போகிற தார்ச்சாலையில் ஏறியது.

தடுத்திருக்கலாம். முந்நூறு பேர் இருந்தார்கள். ஆனால், போகிற குதிரைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று பெரியப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லோரையும் ஓரமாக ஒதுக்கிவிட்டார். அதட்டி நிறுத்தக்கூடிய ஒரே ஆளான லூர்துசாமி, துரைதான் தூங்குகிறதே என்று முதல் பந்தியில் போய் உட்கார்ந்திருந்தார். வாசல் வழியாக மாலையும் ஹெல்மெட்டும் போவதை அவர் பார்த்தார். இலையில் அப்போதுதான் சூடாகச் சாதம் விழுந்திருந்தது. அன்று காலையிலிருந்து தாம் சொன்ன எதுவும் நல்லதில் முடியவில்லை என்பதால் பேசாமல் ரசத்துக்குக் குழி செய்துகொண்டாராம்.

மத்தியானம் துரை பட்டணத்துப் போலீஸ் மைதானத்துக்குள் நுழைந்து, வரிசையில் தன் பழைய இடத்தில் போய் நின்றது. அங்கே பயிற்சியில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது சிரிக்கக் கூடாது.

செல்வநாயகி மட்டும் இறங்கினாள். மாலையும் கூரைப்புடவையுமாகக் கடைவீதிக்கு நடந்தாள். புருஷனுக்காக அவள் முதன்முதலில் வாங்கியது ஒரு பேண்ட். இடுப்பு அளவு என்னவென்று கடைக்காரர் கேட்டபோது இரண்டு கையையும் விரித்துக் காட்டினாளாம். வரும் வழியில் ஒரு தையற்கடையில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, மெத்தையைப் பிரித்து மாப்பிள்ளையை வெளியே எடுத்தாள். பஞ்சு மைதானமெல்லாம் பறந்தது. இருவரும் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் அவள் அவரிடம் ஏதோ கேட்டதற்கு அவர் தலையை ஆட்டி, "இல்லை" என்றாராம். என்ன கேட்டாள் என்று இருவருமே சொல்லவில்லை.

குதிரையோடு கூடவே நடந்து வந்திருந்த தேவணனை இருவரும் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். விரலை எடுக்கச் சொல்லி லூர்துசாமியிடமிருந்து உத்தரவு வரவில்லை என்று அவர் வர மறுத்துவிட்டார். மறுநாள் லூர்துசாமி போனபோது, துரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை; இனி யாருக்கும் எந்த உத்தரவும் போடுவதில்லை என்று முடிவுசெய்திருந்த அவர் விரலைப் பற்றியும் பேசவில்லை. குதிரையை அங்கேயே லாயத்தில் வைத்துக்கொண்டார்கள். குதிரைக்குக் கொள்ளு வைக்கும்போது, கூடவே நிற்கிறவருக்கும் சாப்பாடு வந்தது. பிறகு சம்பளம் வந்தது.

தேவணன் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷனோடு ஓய்வு பெற்றார். அந்தக் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.